சென்னை – சிங்கப்பூர்: தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் ஆளுக்கொரு கணக்கு?

#1 தென்திசை

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர் என்று தேடினால் ஒரு தளம் 2,908 என்கிறது, இன்னொன்று 2,924. பறக்கும் நேரத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ஒன்றில் 3 மணி 38 நிமிடம், மற்றொன்றில் 4 மணி 8 நிமிடம். விமான நிறுவன அட்டவணையைப் பார்த்தால் போக 4.25 (அதாவது 4 மணி 25 நிமிடம்), திரும்ப 4.00. கிழக்கே போகும் விமானம்தான் சீக்கிரம் போய்ச் சேரும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இங்கே தலைகீழாக இருக்கிறதே, ஏன்?

பயணம் ஜூலையில். இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6.10-க்கு இறங்கும் விமானம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து 8.40-க்கு வேறொரு நிறுவனத்தில், தனி டிக்கெட்டில் மேற்கொண்டு போக வேண்டும். இடைவெளி போதுமா?

#2 நாட்டிக்கல்

முதலில் தூரத்தை முடித்துவிடலாம், அதில் சண்டைக்கு இடமில்லை. 2,908 என்பது ஊரின் மையத்திலிருந்து ஊரின் மையத்துக்கு. 2,924 என்பது மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு. கடல்மைலில் (ஒரு கடல்மைல் 1.852 கி.மீ.) சுமார் 1,579. சாங்கி தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, மீனம்பாக்கம் நகர மையத்துக்குத் தென்மேற்கில். அந்தப் பதினாறு கிலோமீட்டர் அங்கேதான் வருகிறது. பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டாலும், துருவத்தில் சற்றுத் தட்டையாக வைத்துக் கணக்கிட்டாலும் இந்தத் தடத்தில் பெரிய வேறுபாடு வராது.

பெருவட்டப் பாதையை, அதாவது உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே மிகக் குறுகிய வழியை, வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து 114 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து கிளம்புகிறது. வங்கக்கடலைக் கடந்து, நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனைக்கு இருபது கிலோமீட்டர் போலத் தெற்கே போகிறது. பிறகு பண்டா ஆச்சேவுக்குச் சற்று வடக்கே நுழைந்து, மலாக்கா நீரிணையை ஒட்டியே இறங்கி, மலாக்கா ஊரின் தலைக்கு மேலே போய்ச் சாங்கியைத் தொடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பெருவட்டம் பெரிதாக வளையாது. சுவரில் தொங்கும் சாதாரண வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தாலே ஏறக்குறைய இதே பாதைதான். டோக்கியோ–நியூயார்க் மாதிரி வளைந்து வளைந்து போகும் கதை இங்கே கிடையாது.

ஆனால் எந்த விமானமும் 1,579 கடல்மைல் மட்டும் பறப்பதில்லை. புறப்பாட்டு வழி, வான்தடத்தின் புள்ளிகள், சாங்கிக்கான வருகை வழி எல்லாம் சேர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் கூடும். 1,640 கடல்மைல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஓரளவு நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

#3 ரன்வே25

நாட்டிக்கல் சார் கொடுத்த 1,640-ஐ வைத்தே நேரத்தைப் போடுவோம்.

ஏ320, 737 வகை விமானம் மேக் 0.78 சுமாரில், அதாவது ஒலியின் வேகத்தில் 78 சதவீதத்தில் போகும். நம் பக்கத்து வானில் முப்பத்தாறு, முப்பத்தேழாயிரம் அடியில் அது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து சுமார் 450 நாட், அதாவது மணிக்கு 450 கடல்மைல். காற்றே இல்லை என்றால் 1,640 ÷ 450 = 3 மணி 39 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த வேகம் கிடைக்காது. பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் வரம்பு வேறு. அதற்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். 3.49. சக்கரம் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தரையைத் தொடும் வரை இவ்வளவுதான்.

அட்டவணையில் போடுவது இதை அல்ல. கேட்டிலிருந்து பின்னுக்குத் தள்ள ஆரம்பித்த நொடியிலிருந்து, அந்தப் பக்கம் கேட்டில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரைதான் 'பிளாக் டைம்'. சென்னையில் டாக்ஸி செய்ய (தரையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக) 15 நிமிடம், சாங்கியில் 8 நிமிடம். ஆக 4.12. இதற்கு மேல் அந்தப் பருவத்துக் காற்றையும், நேரத்துக்கு வந்ததாகக் காட்டிக்கொள்ள நிறுவனம் வைத்துக்கொள்ளும் சில நிமிடங்களையும் சேர்த்தால் 4.25.

நீங்கள் சொன்ன தளங்கள் செய்வது இது: மணிக்கு 500 மைல் என்று ஒரே வேகத்தைப் போட்டு நேர்கோட்டுத் தூரத்தை வகுத்தால் 3.38. 'ஏற இறங்க' என்று அரைமணி சேர்த்தால் 4.08. எந்த ஊருக்கும் எந்த மாதத்துக்கும் அதே கணக்கு. காற்றும் தெரியாது, விமான வகையும் தெரியாது.

#4 மேகமூட்டம்

அப்ப பெரிய விமானத்துல போனா சீக்கிரம் போயிடலாமா? 787, ஏ350 எல்லாம் இந்தப் பக்கம் வருதே.

#5 ரன்வே25

கொஞ்சம். அவை மேக் 0.85-இல் போகும், சுமார் 490 நாட். 1,640 ÷ 490 = 3.21. ஏ320-ஐ விட 18 நிமிடம் மிச்சம். ஆனால் அகல உடல் விமானத்திலிருந்து முந்நூறு பேர் இறங்குவதற்குள் அதில் பாதி போய்விடும். பின்வரிசையில் இருப்பவருக்கு மிச்சமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தூரத்தில் நேரத்துக்காக விமான வகையைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. இருக்கை வசதிக்காகத் தேர்ந்தெடுங்கள்.

#6 கீழைக்காற்று

மூலக் கேள்விக்கு வருகிறேன்: கிழக்கே போவது ஏன் மெதுவாக இருக்கிறது?

'கிழக்கே போனால் வேகம்' என்ற விதி மேலைத் தாரைக்காற்று (மேற்கிலிருந்து மிக உயரத்தில் வேகமாகப் பாயும் ஜெட் ஸ்ட்ரீம்) அடிக்கும் அட்சத்துக்கு மட்டும்தான். குளிர்காலத்தில் அந்தத் தாரை வட இந்தியாவுக்கு மேலே, 25 – 30 பாகை வடக்கில் ஓடும். தில்லி–டோக்கியோ தடத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். போவதற்கும் திரும்புவதற்கும் இரண்டு மணி நேரம் வரை வித்தியாசம் வரும். சென்னை–சிங்கப்பூர் தடமோ 13 பாகையில் தொடங்கி 1 பாகையில் முடிகிறது. அந்தத் தாரை இங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

இங்கே ஆட்சி செய்வது வேறொரு காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில், திபெத் பீடபூமியும் அதைச் சுற்றிய ஆசிய நிலப்பரப்பும் சூடேறி, மேல்வளியில் வடக்குப் பக்கம் நிலநடுக்கோட்டுப் பக்கத்தைவிட வெப்பமாகிவிடும். வழக்கமான வெப்பச் சரிவு தலைகீழானதும் மேலே காற்றும் தலைகீழாகிறது: கிழக்கிலிருந்து மேற்கே. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பது இதுதான். 1950-களில் இதை முதலில் விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். இதன் மையம் 14 – 16 கி.மீ. உயரத்தில், கிட்டத்தட்டச் சென்னையின் அட்சத்தையொட்டியே ஓடுகிறது. பயணிகள் விமானம் 11 – 12 கி.மீ.-இல் போவதால் தாரையின் அடிவயிற்றை உரசிக்கொண்டு போகிறது. முழு வேகமும் மேலே படாது, ஆனால் விடவும் விடாது.

ரன்வே25 போட்ட கணக்கிலேயே வழிநெடுகச் சராசரியாக 20 நாட் எதிர்க்காற்று என்று வையுங்கள். 1,640 ÷ 430 = 3.49. திரும்பும்போது அதே 20 நாட் முதுகைத் தள்ளும்: 1,640 ÷ 470 = 3.29. இருபது நிமிட வித்தியாசம். உங்கள் 4.25-உம் 4.00-உம் இங்கிருந்துதான் வருகின்றன.

#7 பறவைப்பார்வை

> மையம் 14 – 16 கி.மீ. உயரத்தில்

அப்படியென்றால் எதிர்க்காற்று குறைவாக இருக்கும் தாழ்ந்த உயரத்தில் பறந்தால் போதுமே? ஜூலையில் ஏன் 37,000 அடிக்கு ஏறுகிறார்கள்?

#8 கீழைக்காற்று

நல்ல கேள்வி. பறப்புத் திட்டம் போடும் மென்பொருள் இதைத்தான் ஒவ்வொரு நாளும் எடை போடுகிறது. கீழே வந்தால் எதிர்க்காற்று குறையும், ஆனால் காற்றின் அடர்த்தி கூடுவதால் அதே தூரத்துக்கு எரிபொருள் அதிகம் குடிக்கும். நிறுவனம் நிமிடத்துக்கு எவ்வளவு விலை, கிலோ எரிபொருளுக்கு எவ்வளவு விலை என்று வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்து முடிவு மாறும். பெரும்பாலும் எரிபொருள்தான் ஜெயிக்கும். நாலைந்து நிமிடத்துக்காக யாரும் எண்ணெயைக் கொட்ட மாட்டார்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கிழக்கே போகும் விமானத்துக்கு ஒற்றைப்படை உயரம்: 33, 35, 37, 39 ஆயிரம். மேற்கே வருவதற்கு இரட்டைப்படை. வங்கக்கடலின் நடுவில் தரை ரேடார் எட்டாது. முன்னால் போகும் விமானத்துக்கும் பின்னால் வருவதற்கும் இடைவெளி அதிகம் விட வேண்டும். கேட்ட உயரத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தால் கிடைத்த உயரத்திலேயே நீரிணை வரைக்கும் போக வேண்டியதுதான்.

#9 மீனம்பாக்கத்தான்

மேல்காற்றைச் சொன்னீர்கள், கீழ்க்காற்றையும் சொல்லுங்கள் அண்ணே. ஜூலையில் சென்னையில் இரண்டும் எதிரெதிர். மேலே கிழக்கிலிருந்து, தரையில் மேற்கிலிருந்து.

விமானம் முடிந்தவரை காற்றை எதிர்த்துத்தான் ஏறும். முதன்மை ஓடுபாதை 07/25 (07 என்றால் கிழக்கு நோக்கி, 25 என்றால் அதையே மேற்கு நோக்கிப் பயன்படுத்துவது), நீளம் 3,658 மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் 07-இல் ஏறினால் மூக்கு நேராகக் கடலைப் பார்க்கும், அப்படியே சிங்கப்பூர் திசைதான். ஜூலை இரவில் மேலைக்காற்றுக்கு 25-இல் ஏறினால் தாம்பரம் பக்கமாக எதிர்த்திசையில் கிளம்பி, வளைந்து திரும்பி, ஊரைக் கடந்து கடலுக்கு வர வேண்டும். மூன்று நான்கு நிமிடம் அதிலேயே போகும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் ஜூலையிலும் 07 கிடைக்கும், 11.15 விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு.

சாங்கியில் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு–தெற்காக இருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் வடக்கிலிருந்து காற்று அடித்தால் 02-இல், அதாவது வடக்கு நோக்கி இறக்குவார்கள். வடமேற்கிலிருந்து வரும் நம் விமானம் தெற்கே சுற்றிப் போய்த் திரும்ப வேண்டும். ஜூலையில் 20 (தெற்கு நோக்கி) என்றால் வடக்கிலிருந்து நேராக இறங்கலாம். சென்னையில் தொலைத்ததை இங்கே கொஞ்சம் மீட்கலாம்.

#10 பழையபுத்தகம்

நடுவில் ஒரு சின்னச் செய்தி, தலைப்பை விட்டு விலகுவதற்கு மன்னிக்கவும். மலாக்கா நீரிணை நேர்கோட்டின் மேலேயே விழுவதால் கப்பல் தூரமும் விமானத் தூரமும் இந்தத் தடத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. அப்படி அமைவது அபூர்வம். 1926-இல் கட்டிய ராஜூலா கப்பலும் பிறகு வந்த எம்.வி. சிதம்பரமும் இதே கோட்டில்தான் நாகப்பட்டினம், பினாங்கு தொட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வாரப் பயணம். 1985-இல் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பல் சேவை நின்றது. இப்போது கடல் வழியாகப் போகப் பயணிகள் சேவை இல்லை. சில தளங்கள் 'படகில் இத்தனை மணி' என்று போடுவதை நம்ப வேண்டாம்.

#11 மேகமூட்டம்

நேரடி விமானம் விலை ஏறிக் கிடக்கு. கோலாலம்பூர் வழியா, கொழும்பு வழியா போனா எவ்வளவு சுத்து?

#12 நாட்டிக்கல்

கோலாலம்பூர் வழியாகச் சுற்றே இல்லை. சென்னை–கோலாலம்பூர் 2,628 கி.மீ., அங்கிருந்து சாங்கி 297. கூட்டினால் 2,925. நேர்த் தூரத்தைவிட ஒரே ஒரு கிலோமீட்டர் அதிகம்! அந்த விமான நிலையம் கோட்டிலிருந்து 25 கி.மீ. கூட விலகியில்லை. ஆனால் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறி, 297 கிலோமீட்டருக்கு இன்னொரு பிளாக் டைம் கொடுக்க வேண்டும். மொத்தப் பயணத்தில் மூன்று மணி நேரமாவது கூடும். தூரத்தை வைத்து நேரத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கொழும்பு வழியாக 646-உம் 2,750-உம் சேர்ந்து கிட்டத்தட்ட 3,400. முதலில் தெற்கே இறங்கிப் பிறகு கிழக்கே போவதால் ஐந்நூறு கிலோமீட்டர் போலச் சுற்று.

தெற்கத்தி மாவட்டக்காரர்களுக்கு: திருச்சி–சிங்கப்பூர் 2,982 கி.மீ. சென்னையைவிட அறுபது கிலோமீட்டர்தான் கூடுதல், பறக்கும் நேரத்தில் நான்கைந்து நிமிடம். தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ சென்னைக்கு ஆறு மணி நேரம் சாலையில் வந்து ஏறுவதில் லாபம் எதுவும் இல்லை, டிக்கெட் விலை பெரிதாக வேறுபட்டால் தவிர.

#13 அட்டவணை

தேதி, நேரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான்.

அட்டவணையில் இருப்பது இரண்டு ஊர்களின் உள்ளூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 11.15-லிருந்து 6.10 என்றால் 6 மணி 55 நிமிடம், அதில் 2.30-ஐக் கழித்தால் 4.25. திரும்பும்போது கூட்ட வேண்டும்: இரவு 8.30-க்குக் கிளம்பி 10.00-க்குச் சென்னை என்றால் கண்ணுக்கு ஒன்றரை மணி நேரம்தான் தெரியும், உண்மையில் 4 மணி நேரம். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல்தான் இந்த நேரத்துக்கு வந்தது. அதற்கு முன் இடைவெளி இரண்டு மணி நேரம். பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பவர்கள் கவனிக்கவும்.

டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்றிருக்கும். சாங்கியிலிருந்து பிடிக்கும் அடுத்த விமானத்தை, தங்கும் விடுதியை அந்த மறுநாள் தேதிக்குப் பதிவு செய்யுங்கள். இன்னொரு பொறி: 15-ஆம் தேதி 00.40 விமானம் என்றால் 14-ஆம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் போனால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

#14 தென்திசை

எல்லோருக்கும் நன்றி. எதிர்க்காற்று விளக்கம் மிகவும் உதவியது. 8.40 பற்றி மட்டும் யாராவது சொல்லுங்களேன்.

#15 சாங்கிவாசி

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏனென்று சொல்கிறேன்.

தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டிக்குக் கடைசி ஊர் வரை டேக் போட்டுத் தரமாட்டார்கள். சாங்கியில் குடிவரவு தாண்டி, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, அடுத்த நிறுவனத்தின் கவுன்டரில் மறுபடி கொடுக்க வேண்டும். அப்படி வெளியே வர இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பொதுவாகச் சிங்கப்பூர் விசா தேவை. எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவமும் வேண்டும். அதை வந்திறங்கும் நாளோடு முடியும் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. கைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த போர்டிங் பாஸும் கையில் இருந்து, மேற்கொண்டு போகும் நாட்டுக்கான ஆவணச் சோதனையும் முன்பே முடிந்திருந்தால் உள்ளேயே மாறலாம். ஒன்று குறைந்தாலும் வெளியே வர வேண்டியதுதான்.

8.40 விமானத்துக்குக் கவுன்டர் பொதுவாக 7.40-க்கு மூடிவிடும். 6.10-க்குக் கேட்டில் நின்றால் கையில் தொண்ணூறு நிமிடம். இறங்க 15, குடிவரவில் 20 முதல் 40, பெட்டிக்கு 20 முதல் 30, முனையம் மாற 15. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே விளிம்பு.

ஜூலையில் ஒழுங்காக நடக்காமல் போக ஒரு காரணம் இருக்கிறது: சுமத்ரா ஸ்குவால். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா மேலோ நீரிணையிலோ இரவில் ஒரு வரிசையாக இடிமேகம் கிளம்பி, விடியலுக்கு முன்னோ காலையிலோ சிங்கப்பூரைக் கடந்து போகும். காற்று வீச்சு மணிக்கு 40 முதல் 80 கி.மீ. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சென்னையிலிருந்து வரும் இரவு விமானங்கள் இறங்கும் நேரமும் அதுவேதான். வருகிற பாதையும் மேற்கிலிருந்து, அந்த மேக வரிசையின் முதுகுப் பக்கமாக.

அப்போது என்ன ஆகும்: முதலில் வான்கட்டுப்பாடு வருகையை நிறுத்திச் சுற்ற வைக்கும். இருபது, முப்பது நிமிடம் அதில் போகலாம். எரிபொருள் குறைந்தால் வேறு ஊருக்குத் திருப்புவார்கள். இந்தோனேசியத் தீவான பாத்தாம் மிக அருகில் இருந்தாலும் அதே மேகம் அங்கேயும் இருக்கும் என்பதால், மேகம் ஏற்கெனவே கடந்துவிட்ட கோலாலம்பூர் நல்ல தேர்வாக அமையும். தரையிறங்கிய பிறகும் முடியாது. மின்னல் எச்சரிக்கை இருக்கும்வரை விமானத்தைச் சுற்றி ஊழியர்கள் வேலை செய்ய மாட்டார்கள். நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்கள், பெட்டி விமானத்தின் வயிற்றிலேயே இருக்கும்.

இப்படித் தாமதமாகி இரண்டாவது விமானம் போய்விட்டால் தனி டிக்கெட்டில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே பதிவில் எடுத்த டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டியது நிறுவனத்தின் வேலை. விலை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள். முடியாது என்றால் முந்தைய நாள் பகல் விமானம், அல்லது சாங்கியில் பிற்பகலுக்கு மேல் கிளம்பும் விமானம்.

#16 ரன்வே25

உங்கள் விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 என்ற விமானக் கண்காணிப்புத் தளத்தில் போட்டுச் சமீபத்திய நாட்களின் வரலாற்றைப் பாருங்கள் தென்திசை. அட்டவணையை விட்டுவிட்டு இரண்டைக் குறியுங்கள்: கிளம்பிய நேரம், தரைதொட்ட நேரம். அங்கே காட்டுவது பெரும்பாலும் தரைதொட்ட நேரம். கேட்டுக்கு வர இன்னும் எட்டு, பத்து நிமிடம் சேர்க்க வேண்டும். சராசரியைப் பார்த்துத் திருப்திப்படாமல், அதில் மிக மோசமான இரண்டு நாட்களைப் பார்த்து முடிவெடுங்கள். ஜூலைப் பயணத்துக்கு மார்ச் மாதப் பதிவைப் பார்ப்பதும் வீண். பயணம் நெருங்கியதும் ஜூன் பதிவைப் பாருங்கள்.

#17 மேகமூட்டம்

திரும்பி வர்றது ஜனவரி நடுவுல இருந்தா? அப்ப கீழைத் தாரை இல்லையே, ரெண்டு பக்கமும் ஒரே நேரமா?

#18 மீனம்பாக்கத்தான்

மேலே கிட்டத்தட்டச் சமம்தான், சில நிமிட வித்தியாசம். ஆனால் ஜனவரியில் சிக்கல் தரையில். போகி அன்று காலைச் சென்னை விமானத்தைத் தவிர்க்கவும். பழசை எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போகும். 2018 போகியன்று விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள். அன்றைக்கு வர வேண்டியிருந்தால் நண்பகலுக்குப் பிறகு இறங்கும் விமானமாகப் பாருங்கள், வெயில் ஏறியதும் புகை கலைந்துவிடும்.

நவம்பர், டிசம்பர் என்றால் புயல். 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் வந்தபோது ஓடுபாதையில் தண்ணீர் நின்று நிலையமே மூடிக் கிடந்தது. அந்த மாதங்களில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு வந்ததுமே, தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று டிக்கெட் விதியை எடுத்துப் பார்த்துவிடுங்கள். நிறுவனமே ரத்து செய்தால் பணம் திரும்பும் அல்லது வேறு தேதி கிடைக்கும். நீங்களாக முந்திக்கொண்டு ரத்து செய்தால் அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம்.